இருபத்து நான்கின் வேர்கள்

ஓர் எண் கணிதத்தில் சம்பந்தமில்லாத இடங்களிலெல்லாம் தலைகாட்டினால் இரண்டு சந்தேகங்கள் எழ வேண்டும். அந்த இடங்களுக்கு அடியில் ஒரே காரணம் ஓடுகிறதோ என்பது ஒன்று. சிறிய எண்கள் கொஞ்சம், அவற்றைக் கேட்டு நிற்கும் வேலைகள் ஏராளம், ஆகவே ஒரே எண் பல வேலைகளில் மாட்டிக்கொண்டதோ என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது சந்தேகத்துக்கு ரிச்சர்ட் கை என்ற கணிதவியலாளர் 1988இல் ‘சிறிய எண்களின் வலுவான விதி’ என்று பாதி வேடிக்கையாகப் பெயர் சூட்டினார். 24ஐ விசாரிக்கும்போது இரண்டையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பகா எண்களின் வர்க்கங்களில் 24 வருகிறது. ராமானுஜனின் டௌ சார்பில் வருகிறது. பீரங்கிக் குண்டுகளை அடுக்கும் பழைய புதிரில், வாயேஜர் விண்கலம் படம் அனுப்பிய குறியீட்டில், கோளங்களை நெருக்கி அடுக்கும் கணக்கில், இழைக் கோட்பாட்டில் என்று எங்கு திரும்பினாலும் நிற்கிறது. இவற்றில் எவை ரத்த உறவு, எவை வெறும் பெயர்ப் பொருத்தம்?

நாளுக்கு 24 மணி, தங்கத்துக்கு 24 கேரட், நாழிகைக்கு 24 நிமிடம் என்பவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நாளை ஒரு கணக்கில் 60 நாழிகையாகவும் இன்னொரு கணக்கில் 1,440 நிமிடமாகவும் பகுத்தால், ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது 24 வராமல் வேறென்ன வரும்? மனிதர்கள் 24ஐ விரும்புவது பங்கு போட வசதி என்பதால். 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என்று அதற்கு எட்டுக் காரணிகள். அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. இப்படித் தனக்குக் கீழுள்ளவற்றையெல்லாம் காரணிகளின் எண்ணிக்கையில் முந்தும் எண்களைப் பற்றி ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று போகும் அந்த வரிசையில் 24க்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது. ஆனால் இதே வகுபடும் குணத்தைச் சற்று இறுக்கிக் கேட்டால் நிலைமை மாறுகிறது. தன் வர்க்கமூலத்தைத் தாண்டாத எல்லா எண்களாலும் வகுபடும் எண்களில் மிகப் பெரியது 24. அதன் வர்க்கமூலம் 5க்குச் சற்றுக் குறைவு. 1, 2, 3, 4 நான்கும் அதை வகுக்கின்றன. 25ஐத் தொட்டுவிட்டால் 5உம் வகுத்தாக வேண்டும். அதற்கு 60 வரை போக வேண்டும். அங்கே போவதற்குள் 7உம் வரிசையில் வந்து நின்றுவிடுகிறது.

அடுத்தது பலருக்கும் தெரிந்த சங்கதி. 5 முதலாக எந்தப் பகா எண்ணையும் வர்க்கப்படுத்தி 1ஐக் கழித்தால் விடை 24இன் மடங்கு. 7இன் வர்க்கம் 48 + 1. 11இன் வர்க்கம் 120 + 1. 13இன் வர்க்கம் 168 + 1. பகா எண்ணின் இரு பக்கமும் நிற்பவை அடுத்தடுத்த இரட்டை எண்கள். அவற்றில் ஒன்று 4ஆல் வகுபடுவதால் இரண்டின் பெருக்கல் 8ஆல் வகுபடும். அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3இன் மடங்கு. அது நடுவில் நிற்கும் பகா எண்ணாக இருக்க முடியாது, பக்கத்து எண்களில் ஒன்றுதான். ஆக 8 × 3. இதைப் பகா எண்களின் மாயம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. உண்மையில் பகாத் தன்மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2ஆலும் 3ஆலும் வகுபடாமல் இருந்தால் போதும். 25 பகா எண் அல்ல, ஆனாலும் அதன் வர்க்கத்தில் 1ஐக் கழித்தால் 624, அதாவது 24 × 26.

சுவாரசியம் இருப்பது தலைகீழ்க் கேள்வியில். தன்னுடன் பொதுக் காரணி இல்லாத எல்லா எண்களின் வர்க்கமும் மீதி 1 தர வேண்டும் என்ற குணம் வேறு எந்த எண்களுக்கு உண்டு? 24இன் எட்டுக் காரணிகளுக்கு மட்டுமே. நிரூபணம் ஒரு மூச்சில் முடிந்துவிடும். அந்தக் குணமுள்ள எண் 5இன் மடங்கு இல்லையென்றால், 5இன் வர்க்கமான 25உம் அதனிடம் மீதி 1 தர வேண்டும். எனவே அது 24ஐ வகுக்கிறது. 5இன் மடங்காக இருந்தால், அதனுடன் பொதுக் காரணி இல்லாததாகவும் 5ஆல் வகுக்கும்போது மீதி 2 தருவதாகவும் ஓர் எண்ணை எப்போதும் கண்டுபிடிக்கலாம். அதன் வர்க்கம் 5இடம் மீதி 4 தரும், 1 தராது. ஆகவே 24தான் இந்த வரிசையின் உச்சம்.

இதிலிருந்து ஓர் அழகான விளைவு உண்டு. 24இன் மடங்குக்கு ஒன்று குறைவாக உள்ள எந்த எண்ணின் காரணிகளையும் கூட்டுங்கள். விடை 24இன் மடங்கு. 95க்கு 1 + 5 + 19 + 95 = 120. 119க்கு 1 + 7 + 17 + 119 = 144. 143க்கு 1 + 11 + 13 + 143 = 168. காரணிகள் இணை இணையாகவே 24இன் மடங்குகளாகச் சேர்கின்றன: 5 + 19, 7 + 17, 11 + 13. இந்த மூன்று எண்களையும் வேண்டுமென்றேதான் எடுத்தேன்; அவை மீண்டும் வரும்.

இனி ஆய்லர். 1இலிருந்து ஒரு மாறியைக் கழிக்கவும். 1இலிருந்து அதன் இரண்டாம் அடுக்கைக் கழிக்கவும். பிறகு மூன்றாம் அடுக்கை. இப்படிக் கிடைப்பவற்றையெல்லாம் முடிவில்லாமல் பெருக்கிக்கொண்டே போனால் கோடிக்கணக்கான உறுப்புகள் குவியும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் பெரும்பாலானவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகின்றன. எஞ்சும் அடுக்குகள் 0, 1, 2, 5, 7, 12, 15, 22, 26 என்று போகின்றன. ஐங்கோண எண்கள் என்று பெயர் பெற்ற வரிசை இது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆய்லர் இதைக் கண்டார். நிரூபிக்க அவருக்கே ஆண்டுகள் பிடித்தன. இந்த அடுக்குகளை ஒவ்வொன்றாக 24ஆல் பெருக்கி 1ஐக் கூட்டிப் பாருங்கள்: 1, 25, 49, 121, 169, 289, 361, 529, 625. எல்லாம் முழு வர்க்கங்கள். அதுவும் 1, 5, 7, 11, 13, 17, 19, 23, 25 என்ற, 2ஆலும் 3ஆலும் வகுபடாத எண்களின் வர்க்கங்கள். ஒன்றுகூட விடுபடவில்லை, ஒன்றுகூட மிகவில்லை. பகா எண்களின் வர்க்கங்களில் கண்ட பள்ளிக்கூடத்து 24உம் ஆய்லரின் பெருக்கலில் ஒளிந்திருக்கும் 24உம் ஒரே எண் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

19ஆம் நூற்றாண்டில் டெடெகிண்ட் இந்தப் பெருக்கலின் முன்னால் மாறியின் 24இல் ஒரு பங்கு அடுக்கைச் சேர்த்தார். ஈட்டா சார்பு என்று இன்று வழங்குவது அதுதான். பார்க்க ஒட்டுப்போட்டதுபோல் இருக்கும் அந்த 1/24ஐச் சேர்த்ததும் அடுக்குகள் 1/24, 25/24, 49/24 என்று ஆகின்றன. தொகுதியில் வர்க்கங்கள் வந்து உட்கார்ந்ததால்தான் அந்தச் சார்புக்கு மாடுலர் சமச்சீர், அதாவது மாறியைச் சில குறிப்பிட்ட விதங்களில் மாற்றினாலும் வடிவம் குலையாத குணம், கிடைக்கிறது. இது தெரியாமல் படிக்கிற மாணவர் 1/24ஐ மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார். பல பாடநூல்களும் அப்படித்தான் நடத்துகின்றன.

ஈட்டாவைத் தலைகீழாக்கினால் பிரிவினைகள் கிடைக்கும். ஓர் எண்ணைக் கூட்டல்களாக எத்தனை விதத்தில் எழுதலாம் என்பதே பிரிவினைக் கணக்கு. 4ஐ 4, 3 + 1, 2 + 2, 2 + 1 + 1, 1 + 1 + 1 + 1 என்று ஐந்து விதமாக எழுதலாம். 5க்கு ஏழு விதம், 6க்குப் பதினொன்று. ராமானுஜன் 1919இல் வெளியிட்ட கட்டுரையில், 4இல் தொடங்கி ஐந்தைந்தாகத் தாவினால் கிடைக்கும் எண்களின் பிரிவினை எண்ணிக்கை எப்போதும் 5ஆல் வகுபடும் என்று காட்டினார். 5இல் தொடங்கி ஏழேழாகத் தாவினால் 7ஆல் வகுபடும். 6இல் தொடங்கிப் பதினொன்றாகத் தாவினால் 11ஆல் வகுபடும் என்பதையும் கண்டார். ஏன் 4, 5, 6? 24ஆல் பெருக்கி 1ஐக் கழித்தால் 95, 119, 143. முதலாவது 5இன் மடங்கு, இரண்டாவது 7இன் மடங்கு, மூன்றாவது 11இன் மடங்கு. தாவலின் தொடக்கப் புள்ளியைத் தீர்மானிப்பது அதே 1/24தான். 1918இல் கணிதவியலாளர் ஹார்டியுடன் சேர்ந்து அவர் தந்த பிரிவினைச் சூத்திரத்திலும் எண்ணிலிருந்து 1/24ஐக் கழித்த பிறகே கணக்கு தொடங்குகிறது. கணிதவியலாளர் மேக்மஹோன் கையால் கணக்கிட்டுத் தந்த 200இன் பிரிவினை எண்ணிக்கை 39,72,99,90,29,388. சூத்திரம் அதை அப்படியே பிடித்தது. 2011இல் புருய்னியரும் கென் ஓனோவும் பிரிவினை எண்ணிக்கைக்கு முடிவுள்ள சூத்திரம் ஒன்றைக் கண்டபோது, கடைசியில் வகுக்க வேண்டியிருந்தது 24 மடங்கில் 1 குறைந்த எண்ணால்.

1 + 2 + 3 + 4 என்று முடிவில்லாமல் கூட்டினால் −1/12 என்பது ராமானுஜன் 1913இல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ஆய்லரும் அதற்கு முன்பே அந்த விடையைத் தொட்டிருந்தார். சாதாரணக் கூட்டலாகப் பார்த்தால் அபத்தம். ஜீட்டா சார்பை அதன் எல்லைக்கு வெளியே நீட்டினால் −1இல் அது எடுக்கும் மதிப்பு. இதில் பாதி −1/24. இழைக் கோட்பாட்டின் முதல் வடிவத்தில், அதிரும் இழை ஒவ்வொரு குறுக்குத் திசையிலும் கொண்டிருக்கும் அடிநிலை ஆற்றல் இந்தப் பாதிதான். ஒளியைப் போன்ற நிறையற்ற துகள் கிடைக்க மொத்தம் −1 ஆக வேண்டும். ஆகவே 24 குறுக்குத் திசைகள். காலத்துக்கு ஒன்று, இழையின் நீளத்துக்கு ஒன்று சேர்த்து 26 பரிமாணங்கள். இந்த 26ஐ முதலில் கவனித்தவர் கிளாட் லவ்லேஸ், 1971இல். நாம் 26 பரிமாண உலகில் வாழவில்லை என்பது வேறு விஷயம், கணக்கு சரியானது.

பள்ளிக்கூடத்து 24க்கும் இந்த −1/24க்கும் உறவு உண்டா? இதைத் தற்செயல் என்று தள்ளிவிடத் தோன்றும். அப்படித் தள்ளினால் தவறு. ஜீட்டாவின் இந்த மதிப்புகளை ஆள்பவை பெர்னூலி எண்கள். இரண்டாம் பெர்னூலி எண் 1/6. அதை 4ஆல் வகுத்தால் 1/24. நான்காவது −1/30, 8ஆல் வகுத்தால் பகுதியில் 240. ஆறாவது 1/42, 12ஆல் வகுத்தால் 504. இந்தப் பகுதி எண்கள் யார் என்பதற்கு ஒரு தேற்றம் இருக்கிறது. தன்னுடன் பொதுக் காரணி இல்லாத எல்லா எண்களின் வர்க்கமும் மீதி 1 தரும் மிகப் பெரிய எண் 24. வர்க்கத்துக்குப் பதில் நான்காம் அடுக்கு என்றால் 240. ஆறாம் அடுக்கு என்றால் 504. ஆக 24 தனியாள் அல்ல, ஒரு ஏணியின் முதல் படி. ராமானுஜன் 1916 கட்டுரையில் அடிப்படையாக எடுத்துக்கொண்ட மூன்று தொடர்களின் கெழுக்களும் இவைதாம்: 24, 240, 504. இடவியலில் கோளங்களின் மூன்றாம் நிலையான ஹோமோடோப்பிக் குலத்தில் 24 உறுப்புகளும் ஏழாவதில் 240 உறுப்புகளும் இருப்பதும் இதே ஏணியால்தான்.

அதே 1916 கட்டுரையில்தான் டௌ வருகிறது. ஈட்டாவை 24 முறை பெருக்கினால் அந்த 1/24 ஒட்டு முழு எண்ணாகக் கரைந்துவிடும். விரித்தால் வரும் கெழுக்களே டௌவின் மதிப்புகள்: 1, −24, 252, −1,472, 4,830, −6,048. இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கினால் ஆறாவது வருவதைக் கவனியுங்கள். ராமானுஜன் ஊகித்த இந்தப் பெருக்கல் விதியை மோர்டெல் 1917இல் நிரூபித்தார். கெழுக்கள் எவ்வளவு வேகமாக வளரலாம் என்ற மற்றோர் ஊகத்துக்கு நிரூபணம் டெலிஞ்யிடமிருந்து 1974இல்தான் வந்தது. 1978இல் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. இந்தக் கெழுக்களில் ஒன்றுகூடப் பூஜ்யம் ஆகாது என்று லெமர் 1947இல் எழுப்பிய ஊகம் இன்னும் திறந்தே கிடக்கிறது.

இதுவரை ஒரே வேர். அடுத்த கிளைதான் விசாரணையைக் கடினமாக்குகிறது. 1949இல் மார்செல் கோலே ஒரே பக்கக் குறிப்பொன்றில் பிழை திருத்தும் குறியீடு ஒன்றை வெளியிட்டார். அதன் விரிந்த வடிவத்தில் 12 துணுக்குகளில் செய்தி, 12இல் காவல், மொத்தம் 24. மூன்று துணுக்குகள் கெட்டாலும் செய்தி மீளும். வியாழன், சனி கோள்களின் வண்ணப் படங்களை வாயேஜர் கலங்கள் இந்தக் குறியீட்டில்தான் அனுப்பின. இதன் சமச்சீர்களைத் திரட்டினால் எமில் மத்தியூ 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்த, 24,48,23,040 உறுப்புகள் கொண்ட குலம் கிடைக்கிறது. 1967இல் ஜான் லீச் இதே குறியீட்டை அடித்தளமாகக் கொண்டு 24 பரிமாணத்தில் கோளங்களை அடுக்கும் முறை ஒன்றைத் தந்தார். அந்தக் கோளங்களின் மையப் புள்ளிகள் அமைக்கும் சீரான வலைக்கு லீச் லாட்டிஸ் என்று பெயர். அதில் ஒவ்வொரு கோளத்தையும் 1,96,560 கோளங்கள் தொடுகின்றன. அதற்கு மேல் முடியாது என்று 1979இல் நிரூபணமானது.

ஏன் 24 பரிமாணம்? இத்தகைய சீரான லாட்டிஸ்கள் 8, 16, 24 என்று 8இன் மடங்குப் பரிமாணங்களில்தான் இருக்க முடியும். ஒவ்வொன்றிலும் எந்தத் தொலைவில் எத்தனை புள்ளிகள் என்ற பட்டியல் ஒரு மாடுலர் சார்பு. 8இலும் 16இலும் அந்தச் சார்புக்கு வேறு வழியே இல்லை. மிகக் குறுகிய தொலைவில் முறையே 240, 480 புள்ளிகள் இருந்தே தீர வேண்டும். 24இல்தான் முதன்முறையாக டௌ உள்ளே வருகிறது. அதைச் சரியான அளவில் கலந்தால் அந்தக் குறுகிய தொலைவுப் புள்ளிகளை முழுக்கத் துடைத்துவிடலாம். 1,96,560ஐக் கையாலேயே சரிபார்க்கலாம். 2இன் காரணிகளின் 11ஆம் அடுக்குகளைக் கூட்டினால் 1 + 2,048 = 2,049. இரண்டாம் டௌ −24. அதைக் கழித்தால் 2,073. 691ஆல் வகுத்தால் 3. 65,520ஆல் பெருக்கினால் 1,96,560. இந்த வகுத்தல் எப்போதும் மீதியின்றி முடியும் என்பது ராமானுஜன் கண்ட 691 பற்றிய விதி. 65,520 என்பதோ மேலே சொன்ன ஏணியில் 12ஆம் அடுக்குக்குரிய படி. 24 பரிமாணக் கோளங்களை எண்ணும் கணக்கு, அவற்றைப் பற்றி யாரும் யோசிப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அவரது கட்டுரையில் பாதி எழுதப்பட்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

2016இல் உக்ரைனைச் சேர்ந்த மரீனா வியாசொவ்ஸ்கா, 8 பரிமாணத்தில் மிக நெருக்கமான அடுக்கு எது என்பதை நிரூபித்தார். சில நாள்களிலேயே ஹென்றி கோன், அபினவ் குமார், ஸ்டீபன் மில்லர், டானிலோ ராட்சென்கோ ஆகியோருடன் சேர்ந்து 24 பரிமாணத்தையும் முடித்தார். லீச் லாட்டிஸ்தான் சிறந்தது. அது வெளியில் நிரப்பும் பங்கு சுமார் 0.00193. 4, 5, 6, 7 பரிமாணங்களில் இந்தக் கேள்வி தீராமல் நிற்கும்போதே 24 தீர்ந்துபோனது. நிரூபணத்தின் கருவிகள் மறுபடியும் அந்த 24, 240, 504 கெழுக்கள் கொண்ட தொடர்கள்தாம்.

பீரங்கிக் குண்டுப் புதிர் என் பார்வையில் சற்றுத் தள்ளியே நிற்கிறது. குண்டுகளைச் சதுர அடுக்குகளாக, 1, 4, 9, 16 என்று கூம்பாகக் குவிக்கிறோம். மொத்தத்தையும் கலைத்து ஒரே சதுரமாகத் தரையில் பரப்ப முடியுமா? வர்க்கங்களின் கூட்டல் விதி ஆரியபட்டருக்கே தெரிந்தது; அதில் 24ஐப் போட்டால் 24 × 25 × 49 ÷ 6 = 4,900, அதாவது 70இன் வர்க்கம். 1ஐ விட்டால் இது ஒன்றே விடை என்று எதுவார் லூக்கா 1875இல் சொன்னார். 1918இல் நிரூபித்தவர் ஜி. என். வாட்சன், பின்னாளில் ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களோடு பல ஆண்டுகள் போராடியவர் அவரே. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த ‘தொலைந்த நோட்டுப் புத்தகம்’ வாட்சனின் காகிதங்களுக்கு நடுவில்தான் கிடந்தது. பள்ளி மாணவர் புரிந்துகொள்ளும் கேள்விக்கு வாட்சன் நீள்வட்டச் சார்புகளைத் துணைக்கழைக்க வேண்டியிருந்தது. எளிய நிரூபணம் 1980களின் நடுவில்தான் வரத் தொடங்கியது. பிறகு கான்வே என்ற கணிதவியலாளர் ஒரு வேடிக்கையைக் காட்டினார். 26 பரிமாண வெளியில் 0, 1, 2 முதல் 24 வரையும், காலத் திசையில் 70உம் ஆயங்களாகக் கொண்ட திசையனுக்கு நீளம் பூஜ்யம்; அதை வைத்து லீச் லாட்டிஸை இரண்டே வரியில் கட்டிவிடலாம். இது உறவு என்றே பலர் எழுதுகிறார்கள். எனக்குத் தயக்கம் உண்டு. லாட்டிஸைக் கட்டத் தேவை 4,900 என்ற சமன்பாடு மட்டும். வேறெந்த எண்ணுக்கும் அது பொருந்தாது என்ற வாட்சனின் முடிவை இந்தக் கட்டுமானம் எங்கும் பயன்படுத்துவதில்லை.

சில இடங்களில் தயங்கவே வேண்டாம். நான்கு பொருள்களை வரிசைப்படுத்த 24 வழி. நான்கு பரிமாணத்தில் ஒரு கோளத்தைத் தொடக்கூடிய கோளங்களும் 24. மூசின் 2003இல் நிரூபித்தது. அந்த 24 புள்ளிகள், நான்கு ஆயங்களில் இரண்டைத் தேர்ந்து குறிகளை மாற்றினால் கிடைப்பவை: 6 × 4. இதே முறையில் மூன்று பரிமாணத்தில் 12 வரும். விளக்கம் அங்கேயே முடிந்துவிடுகிறது. 24 பரிமாணத்தில் லீச் லாட்டிஸின் இனத்தைச் சேர்ந்தவை எத்தனை என்று நீமையர் எண்ணியபோது விடை 24 என்று வந்ததையும் நான் தற்செயல் பட்டியலில்தான் வைப்பேன்.

வைக்க இடம் தெரியாதது ஒன்று. கே3 என்ற வளைபரப்பின் ஆய்லர் எண் 24. அதன்மேல் இயங்கும் இழைகளின் நிலைகளை எண்ணும் தொடரை எகுச்சி, ஓகுரி, தச்சிகாவா மூவரும் 2010இல் பிரித்துப் பார்த்தபோது 45, 231, 770 என்ற எண்கள் வந்தன. மூன்றும் மத்தியூ குலத்தின் உருவமைப்புகளின் பரிமாணங்கள். அந்தத் தொடரோ, 1920 ஜனவரியில் ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அறிமுகப்படுத்திய போலித் தீட்டா சார்புகளின் வாரிசு. எண்கள் முடிவுவரை பொருந்துகின்றன என்று டெரி கேனன் நிரூபித்துவிட்டார். ஆனால் கே3 கோட்பாடுகளின் சமச்சீர்களை 2011இல் வகைப்படுத்தியவர்கள், எந்த ஒரு கே3இலும் அந்தக் குலம் முழுதாக உட்காருவதில்லை என்று காட்டினார்கள். குலம் எதன்மேல் இயங்குகிறது என்பதைக் காட்டும் இயல்பான கட்டுமானம் எல்லோரும் ஏற்கும்படி இதுவரை கிடைக்கவில்லை.